உறிஞ்சிக் குடிக்க ஒரு பிராந்தி: முதல் நல்ல பாட்டில் வாங்கப் போகிறவருக்கு

வட சென்னையில் பிராந்தி தெரியாத தெரு கிடையாது. சளி பிடித்தால் வெந்நீரில் மிளகுத்தூளோடு ஒரு மூடி. பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊற வைக்க அரை பாட்டில். காசிமேட்டில் வலை இழுத்து அலுத்த உடம்புக்கு ஒரு கட்டிங். ஆனால் அதை நாக்கில் நிறுத்தி ருசி பார்த்தவர்கள் மிகக் குறைவு. நாம் குடிக்கும் முறையே வேறு. குவார்ட்டரின் மூடியைத் திருகி, பிளாஸ்டிக் டம்ளரில் பாதி ஊற்றி, தடை போட்ட பிறகும் எப்படியோ கிடைத்துவிடுகிற வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து மேலே பீய்ச்சி, ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். அந்தச் சரக்குக்கு அந்த வேகம்தான் சரி. வாயில் தங்கவிட்டால் நமக்குத்தான் கஷ்டம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கிளாஸ், மிக்ஸிங் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்கள் இப்போதே வேறு பக்கம் போகலாம். குடிக்காதவர்களும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை.

முதலில்: உள்ளே திராட்சை எவ்வளவு?

பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் வைத்துப் பதப்படுத்தியது. உலகம் முழுக்க இதுதான் அடிப்படை. ஆனால் நம்மூர் சாதாரணக் கடையில் குவார்ட்டராக விற்கும் பிராந்தியில் பெரும்பகுதி இ.என்.ஏ. எனப்படும் சுத்திகரித்த ஆல்கஹால். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலோ தானியத்திலோ அது செய்யப்படுகிறது. அதோடு கொஞ்சம் திராட்சைச் சாராயம், கேரமல் நிறம், வாசனைப் பொருள் சேர்த்தால் பாட்டில் தயார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி, 2 சதவீதம் சுத்தமான திராட்சை பிராந்தி கலந்திருந்தாலே ‘பிளெண்டட் பிராந்தி’ என்று போட்டுக்கொள்ளலாம். மீதி 98-ம் வேறாக இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டப்படிதான் நடக்கிறது. நாம்தான் லேபிளைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

அதனால் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்துத் தங்க எழுத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கு வாருங்கள். ‘பிளெண்டட்’ என்ற சொல்லோ, சேர்மானத்தில் ‘நியூட்ரல் ஆல்கஹால்’ என்றோ இருந்தால், சோடா ஊற்றிக் குடிக்கிற ரகம் அது. மார்ஃபியஸ் மாதிரி விலை கூடிய இந்திய பிராந்திகள்கூட லேபிளிலேயே ‘பிளெண்டட்’ என்று சொல்லித்தான் விற்கின்றன. அந்த வகையில் அவை மென்மையானவை, ஐஸ் போட்டு நிதானமாகக் குடிக்கலாம். ஆனால் முழுத் திராட்சையில் செய்ததன் ஆழத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. நாசிக்கின் சுலா நிறுவனம் ‘ஜேனஸ்’ என்ற பெயரில் முழுத் திராட்சை பிராந்தி கொண்டு வந்தது. அந்த மாதிரி ‘கிரேப் பிராந்தி’ என்று தெளிவாக எழுதிய இந்திய பாட்டில் கண்ணில் பட்டால், பிரான்ஸின் பெயர் பெற்ற திராட்சை பிராந்தியான கோன்யாக்குக்கு முன்பு அதில் கை வைத்துப் பார்ப்பது நல்லது. செலவும் குறையும், நாக்கும் பழகும்.

இரண்டாவது: லேபிளில் உள்ள எழுத்துகள் எங்கே செல்லுபடியாகும்?

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ., நெப்போலியன் என்று ஏதாவது ஒன்று ஏறக்குறைய எல்லா பாட்டிலிலும் இருக்கும். பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்தில் இவை சட்டம். கலவையில் இருப்பதிலேயே இளைய சரக்கு பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்பதுதான் கணக்கு. வி.எஸ். என்றால் குறைந்தது 2 வருடம். வி.எஸ்.ஓ.பி. என்றால் 4. நெப்போலியன் 6. எக்ஸ்.ஓ.வும் முன்பு 6 ஆகத்தான் இருந்தது, 2018 ஏப்ரலிலிருந்து 10 ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் எக்ஸ்.எக்ஸ்.ஓ. 14 வருடம். இவை எல்லாமே கீழ்வரம்புகள். பெரிய கம்பெனிகள் இதைவிடப் பழையதையும் கலப்பது வழக்கம்.

அதே எழுத்துகள் நம்மூர் பாட்டிலில் இருந்தால்? அங்கே அது பெயரில் ஒட்டிக்கொண்ட அலங்காரம், அவ்வளவுதான். 4 வருடம் பீப்பாயில் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘நெப்போலியன்’ படம் போட்ட பாட்டிலை நம்பி விருந்தாளிக்கு ஊற்றி, ‘ஃபிரெஞ்சு சரக்கு மச்சான்’ என்று பெருமை அடிப்பவர்கள் ராயபுரத்தில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் ரெமி. ரெமி மார்ட்டின் என்பது கோன்யாக். 1724-இல் தொடங்கிய கம்பெனி. செயிண்ட் ரெமி என்பது ஃபிரெஞ்சு பிராந்தி, ஆனால் கோன்யாக் இல்லை. பிரான்ஸின் பல பகுதித் திராட்சையில் செய்வது. குடிக்க நன்றாகவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒன்றின் விலைக்கு மற்றதை யாராவது தலையில் கட்டினால் தெரிந்திருக்க வேண்டும்.

கோன்யாக் ஏன் இந்த விலை?

காரணம் தெரிந்தால் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதும் எளிது. கோன்யாக் மேற்கு பிரான்ஸில் ஒரு சின்ன ஊர். அதைச் சுற்றி எல்லை வகுத்த நிலத்தில் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். 1909-இல் எல்லை வகுத்தார்கள், 1936-இல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. பெரும்பாலும் ஊன்யி பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைதான். அதன் ஒயின் புளிப்பாக, நீர்த்துப்போய் இருக்கும். அப்படியே குடித்தால் முகம் சுளிப்பீர்கள். அந்தப் புளிப்புதான் காய்ச்சுவதற்கு ஏற்றது. செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிப்பார்கள். அந்த வருட அறுவடையை அடுத்த மார்ச் 31-க்குள் வடித்து முடித்துவிட வேண்டும் என்பது விதி. கிட்டத்தட்ட 9 லிட்டர் ஒயின் போனால் 1 லிட்டர் சரக்கு வரும். நிறமே இல்லாத அந்தச் சாராயம் ஓக் மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்துதான் நிறமும் வெண்ணிலா வாசனையும் பிடிக்கிறது. அதற்குள் வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சையால் கிடங்குச் சுவர்களெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும்.

இத்தனைக்கும் மேலே நம் நாட்டில் இறக்குமதி வரி. வெளிநாட்டுச் சாராயத்துக்குப் பல வருடங்களாக 150 சதவீதம் சுங்க வரி இருந்திருக்கிறது, அதன்மேல் மாநில வரி. ஆக நீங்கள் கொடுக்கும் பணத்தில் பீப்பாய்க்குப் போவது கொஞ்சம்தான்.

லேபிளில் வட்டாரப் பெயரும் இருந்தால் கவனியுங்கள். கிராண்ட் ஷாம்பெயின், பெட்டிட் ஷாம்பெயின் என்பவை சுண்ணாம்பு மண் நிலங்கள். குமிழி விடும் ஷாம்பெயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவ்விரண்டையும் கலந்து, அதில் பாதிக்குக் குறையாமல் கிராண்ட் ஷாம்பெயின் இருந்தால் ‘ஃபைன் ஷாம்பெயின்’. ரெமி மார்ட்டின் இந்த வகை. பூ வாசனை தூக்கலாக, இலேசாக இருக்கும். மார்டெல் கம்பெனி 1715-இல் தொடங்கியது. போர்டரி என்ற சின்ன வட்டாரத்துச் சரக்குக்குப் பெயர் போனது. ஹென்னஸி 1765-இல் ஓர் அயர்லாந்துக்காரர் தொடங்கியது. இன்று இருப்பதிலேயே பெரியது அதுதான், ஓக் மர வாசனை கொஞ்சம் கனமாக வரும். என்னைக் கேட்டால், முதல் கோன்யாக்காக வி.எஸ்.ஓ.பி. தரத்தில் ஏதாவது ஒன்று போதும். வி.எஸ். காக்டெயிலுக்காகவே பெரும்பாலும் செய்யப்படுவது. தனியாகக் குடித்தால் காரம் முன்னால் நிற்கும். எக்ஸ்.ஓ.வுக்கு இப்போது அவசரம் வேண்டாம். நாக்கு பழகாமல் அத்தனை பணம் கொடுப்பது வீண்.

கோன்யாக்தான் வேண்டும் என்றும் இல்லை. பிரான்ஸின் தென்மேற்கிலிருந்து வரும் ஆர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே முறைதான் வடிப்பார்கள். அதனால் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும். பேரீச்சை, உலர்ந்த பிளம் வாசனை அடர்த்தியாக வரும். கப்பலில் வேலை செய்யும் மாமா யாராவது ‘என்னடா வேணும்?’ என்று கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள், அதே காசுக்குப் பழைய சரக்கு கிடைக்கும். ஸ்பெயின் பிராந்தி இன்னும் இனிப்பு. அங்கே பீப்பாய்களை அடுக்கி வைத்து, கீழ்வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்து, மேல்வரிசையிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே வருவார்கள். எந்தப் பீப்பாயும் முழுக்கக் காலியாவதில்லை. நேற்றைய தயிரில் கொஞ்சம் வைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, பழசின் குணம் புதுசில் ஏறிக்கொண்டே வரும். ரம் குடித்துப் பழகியவருக்கு ஸ்பெயின் சரக்கு உடனே பிடிக்கும்.

வாங்கும் இடம்

சாதாரண டாஸ்மாக் கடையில் கம்பி வலைக்குள் கையை விட்டுப் பணத்தை நீட்டினால் பாட்டில் வெளியே வரும். பின்னால் நாலு பேர் தோளில் ஏறி நிற்கும்போது லேபிள் படிப்பதெல்லாம் நடக்காது. டாஸ்மாக்கின் எலைட் கடைக்குப் போங்கள். உள்ளே நடந்து, பாட்டிலை எடுத்து, திருப்பிப் பார்த்து, திரும்ப வைக்கலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். எலைட் கடை உள்ள பெரிய மால் என்றால் நமக்கு பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் பெரும்பாலும் போக வேண்டும், அதற்காகச் சோம்பல்படாதீர்கள். மதியம் 12 மணிக்குக் கடை திறந்த கையோடு போனால் கூட்டம் இருக்காது. நாலு நண்பர்கள் ஷேர் போட்டு ஒரு ஃபுல் வாங்குவதே புதியவருக்கு நல்லது. 50 மில்லி மினியேச்சர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் 2 லிட்டர் வரை கொண்டு வரலாம், விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையிலும் வாங்கலாம். பாண்டிச்சேரியிலிருந்து பையில் வைத்துக் கடத்துவது குற்றம், செக்போஸ்டில் மாட்டினால் பாட்டிலோடு போகாது. ‘ஃபாரின் சரக்கு இருக்குண்ணா, பாதி விலை’ என்று பாரீஸ் கார்னர் பக்கம் யாராவது காதோரம் சொன்னால் நடையைக் கட்டுங்கள். காலி பாட்டிலில் வேறு எதையோ நிரப்பி விற்பது பழைய தொழில்.

கடையில் வாங்கினாலும் மூடியின் சீல், அதன் மேல் ஹாலோகிராம் ஸ்டிக்கர், கழுத்துவரை சரக்கின் அளவு மூன்றையும் பாருங்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தூசு மிதந்தால் தெரிந்துவிடும். பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வெயிலில் ஊற்றுவது

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே கெட்டுவிடும். அவர்கள் ‘அறை வெப்பத்தில் ஊற்று, உள்ளங்கையால் சூடேற்று’ என்பார்கள். அவர்கள் அறை 18, 20 டிகிரி. தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் 33-இல் நிற்கும். அந்தச் சூட்டில் ஊற்றிய பிராந்தியிலிருந்து ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மூக்கைக் குத்தும், பழ வாசனை அதற்கு அடியில் புதைந்துவிடும். ஆகவே பாட்டிலை ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை, கால் மணி நேரம் வைத்து எடுங்கள். அல்லது கிளாஸை மட்டும் குளிரவைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் நல்ல சரக்கில் அது வாசனையைப் பூட்டிவிடும்.

கிளாஸ் முக்கியம். சினிமாவில் வில்லன் கையில் சுழற்றும் பெரிய வயிற்றுக் கிளாஸ் வேண்டாம். அது ஆவியை மொத்தமாகச் சேர்த்து முகத்தில் அடிக்கும். அடி கொஞ்சம் அகன்று, வாய் குறுகி, தண்டு வைத்த சின்ன ஒயின் கிளாஸ் போதும். பாரீஸ் கார்னர் கண்ணாடிப் பாத்திரக் கடைகளில் தேடினால் கிடைக்கும். தண்டைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். சில்வர் டம்ளர் மோருக்கு இருக்கட்டும்.

30 மில்லி ஊற்றுங்கள். உடனே குடிக்காதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கிளாஸை முகவாய்க்கு நேராகக் கொண்டு வந்து, வாயை இலேசாகத் திறந்தபடி முகருங்கள். கிளாஸுக்குள் மூக்கை நுழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முதலில் வருவது பூவும் பழமும். ஆரஞ்சுத் தோல், உலர்ந்த திராட்சை, சில சமயம் மல்லிகை. கிளாஸைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்தால் மரம், பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய். பழைய எக்ஸ்.ஓ.வில் அக்ரூட், காளான், பல வருடம் திறக்காத மரப்பெட்டி வாசனைகூட வரும். அதைத்தான் ரசிகர்கள் தேடி அலைகிறார்கள். எசன்ஸ் போட்ட ஐஸ்கிரீம் வாசனையோ பெயிண்ட் தின்னர் நெடியோ மட்டும் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

முதல் வாய் ருசி பார்க்க இல்லை, நாக்குக்குத் தகவல் சொல்ல. கால் ஸ்பூன் அளவு, வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள், எரியும். இரண்டாவது வாயில்தான் ருசி தெரியும். காரம் அடங்கவே இல்லை என்றால் நாலு சொட்டு தண்ணீர் விடலாம். நம்மூர் பாட்டில் பெரும்பாலும் 42.8 சதவீதம், கோன்யாக் பொதுவாக 40. அதனால் இந்திய பிராந்திக்கு இந்த நாலு சொட்டு நன்றாக வேலை செய்யும். பக்கத்தில் தனியாக ஒரு சொம்பு தண்ணீர் கட்டாயம்.

நல்லதா, இல்லையா?

‘மச்சான், கலரைப் பாரு, எவ்ளோ டார்க்கா இருக்கு, பழைய சரக்குடா!’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். நிறத்தை நம்பாதீர்கள். கோன்யாக்கிலேயே கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, கொஞ்சம் சர்க்கரையும்கூட. நம்மூர் சரக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளாஸ் ஓரத்தில் கோடு கோடாக வழிவதும் தரத்துக்குச் சாட்சி ஆகாது.

இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். ஒன்று, உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு இரண்டு கையையும் தேயுங்கள். ஆல்கஹால் பறந்துவிடும், மிச்ச வாசனைதான் அந்தப் பிராந்தி. பழமும் மரமும் இருந்தால் சரி. கை பிசுபிசுவென்று ஒட்டினால் சர்க்கரை அதிகம். ஒன்றுமே இல்லாமல் போனால் வெறும் ஆல்கஹாலுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். இன்னொன்று, குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் ஒரு தட்டை மேலே மூடி வைத்துவிடுங்கள். காலையில் தட்டை எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல பிராந்தி என்றால் தேன், பேரீச்சை, பட்டை எல்லாம் காய்ந்த கிளாஸில் இன்னும் இருக்கும். மட்டமானதில் புளித்த வாடைதான். வீட்டில் திட்டு விழுந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் ஒரு அளவு. இரண்டு விநாடியில் மறைந்தால் சாதாரணம். கதை பேசி முடிக்கும் வரை தொண்டையில் நின்றால் விலைக்கு வஞ்சகம் இல்லை.

கூடவே என்ன?

நம் வழக்கமான சைடு டிஷ் எல்லாம் காரத்தை மறைக்கச் செய்தவை. மறைக்கக் காரம் இல்லாத இடத்தில் ஊறுகாயும் மிளகாய்த்தூள் போட்ட வறுவலும் ருசியைக் கொன்றுவிடும். சௌகார்பேட்டையில் நல்ல பாதாம், முந்திரி, அத்திப்பழம் வாங்கி வாருங்கள். கடலை மிட்டாய், கருப்பட்டி மிட்டாய் பிரமாதமாகச் சேரும். கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு. மீன் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், வஞ்சிரத்தை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுத்தால் சமாளிக்கலாம். பர்மா கடை அத்தோ, மொய்ங்கா எல்லாம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் எந்த பிராந்தியும் வேண்டாம்.

ஜலதோஷத்துக்குப் பிராந்தி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்ததும் உடம்பு சூடானதுபோல் இருப்பது, தோலுக்கடியில் இரத்தக் குழாய் விரிவதால்தான். உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விடுகிறது, சளிக்கு அது மருந்தில்லை. குழந்தையின் ஈறிலும் தொப்புளிலும் தடவுகிற பாட்டிகளிடம் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். கல்லீரல் தொல்லை இருப்பவர், தூக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதையும் தெரிந்துகொண்டுதான் கிளாஸை எடுக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு போகிற வேலை இருந்தால் அன்றைக்குக் குடிக்காதீர்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது சிறை.

மிச்சத்தை வைப்பது

ஒயின்போலப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுத்தால் கார்க்கைச் சரக்கு அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும். பீப்பாயை விட்டு வெளியே வந்தபின் பிராந்திக்கு வயது ஏறாது. இருபது வருடம் பீரோவில் பூட்டி வைத்த வி.எஸ். இன்றைக்கும் வி.எஸ்.தான். திறந்த பாட்டிலில் பாதிக்கு மேல் காலியானால் உள்ளே காற்று கூடி, சில மாதங்களில் வாசனை மங்கும். சின்ன பாட்டிலுக்கு மாற்றி நிறைய ஊற்றி மூடிவிடுங்கள். காலியான கோன்யாக் பாட்டிலைப் பழைய பேப்பர்க்காரரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். முதலில் லேபிளை நன்றாகக் கிழித்துவிட்டு, மூடியை நசுக்கித் தனியாகப் போடுங்கள். இல்லையென்றால் அதே பாட்டில் நிரம்பிக்கொண்டு, ‘பாதி விலைண்ணா’ என்று வேறொருவர் காதோரம் போய் நிற்கும்.